எபினேசர் அண்ணனுக்கு, பாதி பதில்

ஆம்பூர் கம்பெனி பஸ் வர இன்னும் ஆறு நிமிஷம்.
அப்துல்லாபுரம் டீக்கடை பெஞ்சில்
பிஸ்கட் டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்து
இரண்டு பேரும் பார்த்தோம்:
கடலுக்கு மேலே மூன்று குடைகள்,
கீழே தொங்கும் கருகிய ஒரு சட்டி.
"இதுக்குப் பேரு எறங்கறதா?" என்றீர்கள்.
"விழறதுக்குக் கொஞ்சம் துணி கட்டியிருக்கான், அவ்ளோதான்."

விமானம் வராத ஓடுதளத்துக்கு நீங்கள் காவல்.
இரவெல்லாம் டார்ச்சோடு நடந்து
மாடுகளை விரட்டி, வெடிப்பில் முளைத்த
எருக்கஞ்செடியைப் பிடுங்கிப் போடுகிறவர்.
உங்களுக்கு இறக்கை வேண்டும்.
சக்கரம் தொட்டு, ஓடி, நின்று,
கதவு திறந்து, ஆள் தன் காலால் படியிறங்க வேண்டும்.
கொஞ்ச நாளில் அதே வண்டி மறுபடி போக வேண்டும்.

நான் ஷூவுக்கு அடித்தோல் வெட்டுகிறவள்.
அடித்தோலைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
அது இருப்பதே தேய்வதற்கு.
அந்தச் சட்டியின் அடியும் அப்படித்தான் அண்ணா.
தீ தின்னத் தின்ன உரிந்து கொடுக்கும்,
உள்ளே இருப்பவர் முதுகில் சூடு ஏறாது.
இறக்கை வண்டிக்கோ ஆயிரமாயிரம் ஓடுகள்,
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.
ஒன்றில் நகக்கண் அளவு விரிசல் என்றால்
ஊரே உட்கார்ந்து தட்டித் தட்டிப் பார்க்க வேண்டும்.
காற்றே இல்லாத இடத்துக்கு
இறக்கையைச் சுமந்து போவானேன்?
சித்திரையில் வேலூருக்குக் கம்பளி கொண்டு வருகிறவன் மாதிரி.

அதற்கும் இறங்கும்போது எஞ்சின் ஓடாது,
ஒரே தடவைதான், தவறினால் சுற்றி வர முடியாது
என்றும் சொன்னேன்.
சட்டிக்கு ஓடுதளமே வேண்டாம்.
நம் பாலாறு போதும்,
லாரிகள் அள்ளியது போக மிச்ச மணல் இருக்கிறது.
தண்ணீரும் குறுக்கே வராது.
நீங்கள் சிரித்தீர்கள்.

ஏன் அவ்வளவு பேசினேன் என்று உங்களுக்குத் தெரியாது.
மூன்று வருஷம் முன்னால்
பெங்களூரில் கட்டிக்கொடுத்த வீட்டை விட்டு
விடிகாலை மூன்றரைக்குக் காட்பாடியில் வந்து விழுந்தவள் நான்.
ஒரு பை. வார் அறுந்த செருப்பு.
நெருப்பைத் தாண்டும்போது சில நிமிஷம்
அவர்கள் குரல் தரைக்கு எட்டாதாம்.
என் வீட்டாருக்கு அது பதினோரு மாசம்.
இதை நான் சொல்லவில்லை.
குடை எப்படி மடிப்பார்கள் என்று
விளக்கிக்கொண்டிருந்தேன்.

கிளாஸைக் கீழே வைத்தீர்கள்.
"எங்க வூட்ல அதுக்கு முதுகுத்தண்டுல ஆபரேஷன்.
ஆஸ்பத்திரிலேர்ந்து அணைக்கட்டுக்கு ஆம்புலன்ஸ்.
ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் டிரைவர் நின்னு,
மெதுவா ஏத்தி, மெதுவா எறக்கி,
ரெண்டு மணி நேரம்.
அது கை என் சட்டைய விடவேயில்ல.
அத நீ குடையில கட்டிப் போடுவியா?"

பஸ் வந்துவிட்டது.
பள்ளிகொண்டா வரை ஜன்னலோரம் கணக்குப் போட்டேன்.
சட்டியில் வருகிறவனுக்குத் தன் எடையே
நாலு மடங்காகி நெஞ்சில் உட்காருமாம்.
இறக்கையில் வந்தால் ஒன்றரை.
அந்த ஒன்றரைக்காக எவனோ
அத்தனை ஓட்டையும் எண்ணி ஒட்டியிருக்கிறான்.

இருந்தாலும் என் கட்சி சட்டிதான்.
ஆனால் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி
உங்களிடம் ஏதோ சொல்லக் கம்பிவேலி வரை நடந்தேன்.
பகல் சூடு இன்னும் அடித்தோலைத் தாண்டிக் காலில் ஏறியது.
ஓர் ஆள்காட்டிக் குருவி
யாருக்கும் இல்லாத அந்த நீளத்தில் இறங்கி,
நாலடி ஓடி, நின்று,
இறக்கையை மடித்தது.
நீங்கள் டார்ச்சை அணைத்துவிட்டு
அதைச் சுற்றிக்கொண்டு போனீர்கள்.